காஞ்சிபுரம் 16 காதம்

சேலம் மாவட்டம் தலைவாசலை அடுத்து, வசிஷ்ட நதிக்கரையில் ஆறகழூர் என்றொரு ஊர். அங்கே கிடைத்த பழைய கல் ஒன்றில் 'மகதேசன் பெருவழி' என்று ஒரு சாலையின் பெயரும், காஞ்சிபுரம் 16 காதம் என்று தொலைவும் வெட்டியிருக்கிறது. எழுத்துக்குக் கீழே 16 குழிகள். படிக்கத் தெரிந்தவர் எழுத்தைப் படிப்பார், தெரியாதவர் குழியை எண்ணிக்கொள்வார். இருட்டிய பின் வந்து சேர்ந்தவருக்கு விரலால் தடவினாலே போதும். 13-ஆம் நூற்றாண்டில் வைத்த கல் அது. இன்றைய நெடுஞ்சாலைப் பலகைகளில் மும்மொழி உண்டு, இரவில் ஒளிரும் வண்ணம் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவரை நினைத்து யாரும் ஒரு குழிகூடப் போட்டதில்லை.

மகதேசன் என்பது மகதை மண்டலத்தை ஆண்ட வாணகோவரையர்களின் பட்டம். ஆறகழூர்தான் அவர்கள் தலைநகர். திருவண்ணாமலைக் கோயிலுக்குப் பொன் வேய்ந்து 'பொன்பரப்பினான்' என்று பெயர் வாங்கியவரும் அந்தக் குலம்தான். சோழப் பேரரசுக்கு அடங்கிய சிற்றரசர்கள் என்று பாடநூல் இவர்களை ஒரே வரியில் முடித்துவிடும். தன் பெயரில் ஒரு சாலை போட்டு, அதற்குத் தொலைவுக் கல்லும் நட்டவனை அப்படி ஒரு வரியில் முடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பக்கத்துத் தருமபுரியில் 'அதியமான் பெருவழி' என்று இதே போன்ற கற்கள் உண்டு. நாவற்தாவளம் என்ற ஊருக்கு இத்தனை காதம் என்று சொல்லும் அந்தக் கற்களில் பெரிய குழி பத்துக்கும் சிறிய குழி ஒன்றுக்கும் கணக்கு. ஆறகழூர்க் கல்லில் எல்லாம் ஒன்று ஒன்றாகவே எண்ண வேண்டும்.

ஒரு காதம் எவ்வளவு என்பதில் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. ஆறகழூரிலிருந்து காஞ்சிக்கு நேர்கோட்டில் அளந்தாலே ஏறத்தாழ 170 கிலோமீட்டர் வருகிறது. பதினாறால் வகுத்தால் காதத்துக்குப் பத்தரை கிலோமீட்டருக்குக் குறையாது. சாலை நேர்கோட்டில் போவதில்லை என்பதால் பதினொன்று, பன்னிரண்டு என்றே வைத்துக்கொள்ளலாம். வரைபடத்தில் அந்த நேர்கோட்டைப் போட்டுப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை. கோடு கள்ளக்குறிச்சியை உரசிக்கொண்டு போகிறது, அதற்கு மேலே பெண்ணையாற்றைத் திருக்கோவிலூருக்குச் சற்று மேற்கே கடக்கிறது. மகதேசனின் வண்டிகள் இந்த வழியைத்தான் பிடித்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். மலையமான்கள் காலத்திலிருந்தே பெயர் பெற்ற திருக்கோவிலூரை விட்டுவிட்டு எந்தச் சாத்து வேறு துறையில் ஆற்றைக் கடந்திருக்கும்?

அந்தப் பெருவழியின் இன்றைய வாரிசு, உளுந்தூர்பேட்டையையும் சேலத்தையும் இணைக்கும் 136 கிலோமீட்டர் தேசிய நெடுஞ்சாலை. நேர் வாரிசு என்று சொல்ல முடியாது. பழைய வழி வடகிழக்கே காஞ்சிக்குப் போனது. புதியது கிழக்கே உளுந்தூர்பேட்டைக்குப் போய்ச் சென்னை–திருச்சி சாலையில் சேர்கிறது. ஆனால் மேற்குப் பாதியில், சின்னசேலம் தொடங்கி ஆத்தூர் வரை, இரண்டுக்கும் வேறு வழியே இல்லை. வடக்கே கல்வராயன் மலை, தெற்கே பச்சைமலை. நடுவே வசிஷ்ட நதி அறுத்துக் கொடுத்த இடைவெளி. கடற்கரையிலிருந்து சேலத்துக்குப் போகும் எவரும், உப்பு வண்டிக்காரரானாலும் குதிரைப் படையானாலும் கண்டெய்னர் லாரியானாலும், அந்த இடுக்கில் நுழைந்துதான் ஆக வேண்டும். சோழர் போனார்கள், நாயக்கர் வந்தார்கள், சாலைக்குச் சொந்தக்காரர் மாறிக்கொண்டே இருந்தார்கள். சாலை மட்டும் இடம் மாறவில்லை.

இந்தச் சாலையைப் பார்க்க மோட்டார் சைக்கிள்தான் ஏற்றது என்பது என் கட்சி. கார்க்காரர் நான்குவழியில் ஏறினால் அடுத்த ஊரில்கூட இறங்கமாட்டார். பேருந்தில் போகிறவருக்கு நினைத்த இடத்தில் நிற்க முடியாது. இரண்டு சக்கரக்காரருக்குச் சுங்கச்சாவடியில் கட்டணமும் இல்லை, ஓரத்தில் இருக்கும் சந்தில் நுழைந்து போய்க்கொண்டே இருக்கலாம். ஒவ்வொரு ஊர் எல்லையிலும் புறவழிச்சாலை ஒதுங்கிப் போகும் இடத்தில் பழைய சாலை பிரியும். அங்கே எண்பதிலிருந்து நாற்பதுக்கு வேகத்தைக் குறைத்தால் போதும், ஐம்பது வருடம் பின்னால் போன மாதிரி இருக்கும்.

கிழக்கிலிருந்து வருகிறவருக்கு முதலில் எதிர்ப்படுவது எலவானாசூர்க்கோட்டை. பெயரில் மட்டும் கோட்டை இருக்கிற ஊர் என்று நினைத்து ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்து தியாகதுருகம். இதைத் தவறவிட முடியாது, சாலையை ஒட்டியே செங்குத்தாகப் பாறை மலை நிற்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் இந்த இரண்டு ஊர்ப் பெயரும் ஐரோப்பியத் தலைநகரங்களுக்குப் போன கடிதங்களில் அடிபட்டவை. 1760-ல் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சிக்கும் நிலை வந்தபோது, பிரெஞ்சுத் தளபதி லாலி மைசூரின் ஐதர் அலியிடம் உதவி கேட்டார். படையும் தானியமும் மாடுகளும் அனுப்புவதற்கு விலையாக மைசூர் கேட்டுப் பெற்ற இடங்களில் தியாகதுருகமும் எலவானாசூரும் இருந்தன. ஏன் இந்த இரண்டு சிற்றூர்கள்? மைசூரிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் படைக்கு ஆத்தூர்க் கணவாய்தான் வாசல். வாசலைத் தாண்டியதும் வரும் பூட்டுகள் இவை. சாலை கையில் இருக்க வேண்டுமானால் இந்த இரண்டு கோட்டையும் கையில் இருக்க வேண்டும்.

பேரம் நிலைக்கவில்லை. 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது, அடுத்த மாதமே தியாகதுருகம் நீண்ட முற்றுகைக்குப் பின் ஆங்கிலேயரிடம் பணிந்தது. முப்பது ஆண்டு கழித்து ஐதரின் மகன் அதே பாறைக்குக் கீழே வந்து நின்றார். 1790 டிசம்பரில் திருச்சிப் பக்கம் ஒன்றும் ஆகாமல் வடக்கே திரும்பிய திப்பு சுல்தான், தியாகதுருகத்தைத் தாக்கினார். உள்ளே இருந்தவர் கேப்டன் ஃபிளின்ட். பத்தாண்டுக்கு முன்பு வந்தவாசிக் கோட்டையை ஐதரிடம் கொடுக்காமல் மாதக்கணக்கில் காத்த அதே ஆள். அப்பா ஏமாந்த ஆளிடம் பிள்ளையும் ஏமாந்தார். திப்பு முற்றுகையை விட்டுவிட்டுத் திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டார். படை வருகிறது என்று கேட்டுச் சுற்றுப்பட்டுக் கிராமத்துச் சனமெல்லாம் மூட்டை முடிச்சோடு அந்த மலையடியில் வந்து ஒண்டிக் கிடந்திருக்கிறது. சாலையோரத்தில் ஊர் வைத்திருப்பவன் சந்தைக்குப் பக்கம், சண்டைக்கும் பக்கம். படை எடுப்பவன் பெயர் நமக்குக் கிடைக்கிறது. மாட்டை ஓட்டிக்கொண்டு ஓடி வந்தவள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

இன்று தியாகதுருகத்துப் பழைய சாலையில் நின்று பார்த்தால் மலைக்குக் கீழே பேருந்து நிறுத்தம், டீக்கடை, உரக்கடை, செல்போன் கடை. வண்டியை நிழலில் போட்டுவிட்டு மேலே ஏறிப் பார்க்கலாம். வெயில் ஏறுவதற்கு முன் போனால் நல்லது, பாறை சூடேறிவிட்டால் செருப்பு இளகும். உச்சியிலிருந்து பார்த்தால் மேற்கே கல்வராயன் நீலமாகத் தெரியும். எதிரி எந்தப் பக்கமிருந்து வருவான் என்று இங்கே காவல் நின்றவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியதில்லை.

சண்டைகள் ஓய்ந்த பிறகு சாலைக்கு வேறு எசமானர்கள் வந்தார்கள். கடலூர் துறைமுகம், சேலம் சீமை, நடுவே வரி வசூல். அந்தக் காலத்துச் சாலைகளின் இருபுறமும் நட்ட புளியமரங்கள் நிழல் கொடுத்ததோடு அரசுக்கு வருமானமும் கொடுத்தன. மரத்துக்கு எண் எழுதி, வெள்ளைப் பட்டை அடித்து, ஆண்டுதோறும் காய் பறிக்கும் உரிமையை ஏலம் விடுவது இன்னும் நடக்கிற வழக்கம். நான்குவழி அகலத்துக்காக அந்த மரங்கள் வரிசையாக விழுந்தன. பழைய சாலை ஊருக்குள் நுழையும் துண்டுகளில் மட்டும் சில தப்பியிருக்கின்றன. புளியமரம் இருந்தால் அது பழைய பாதை, அரளிச்செடி இருந்தால் புதிய பாதை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

ரயில் வந்தபோது இந்தச் சாலையின் ஊர்களுக்குள் முதல் பிளவு வந்தது. விருத்தாசலம்–சேலம் பாதை சின்னசேலத்தைத் தொட்டு ஆத்தூருக்குப் போனது. கள்ளக்குறிச்சியை விட்டுவிட்டது. சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வெறும் 16 கிலோமீட்டர் கிளைப்பாதை போட 2006–07 ரயில்வே பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அது வேலை தொடங்கி, நின்று, நிலம் எடுத்து, நிதிக்குக் காத்து என்று இழுத்த இழுவை இப்பகுதியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காதக் கணக்கில் ஒன்றரை. ரயில் இல்லாமலே கள்ளக்குறிச்சி வளர்ந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. வளர்த்தது சாலை.

அதைப் பார்க்க வேண்டுமானால் கள்ளக்குறிச்சி நான்குமுனைச் சந்திப்பில் ஓரமாக வண்டியை நிறுத்த வேண்டும். நிறுத்த இடம் கிடைத்தால். சேலம் மெயின் ரோடு, துருகம் ரோடு, சங்கராபுரம் ரோடு, கச்சிராயபாளையம் ரோடு என்று நான்கு திசைக்கும் நான்கு பெயர். தலைவர் பெயர் வைக்காமல் போய்ச் சேரும் ஊரின் பெயரையே தெருவுக்கு வைத்திருக்கிறார்கள். இரண்டு முனை பழைய பெருவழிக்கு உரியவை. மற்ற இரண்டும் மலையடிவாரத்துக்குப் போகிறவை. மலைச் சரக்கு இறங்கி வந்து பெருவழியில் ஏறும் மூட்டு இந்த இடம். கரும்பு டிராக்டர், மரவள்ளிக்கிழங்கு லாரி, பள்ளி வேன், ஆடு ஏற்றிய மினி டெம்போ எல்லாம் ஒரே சிக்னலில் ஆரன் அடித்துக்கொண்டு நிற்கும். இந்தச் சந்திப்பின் நான்கு பக்கத்து நிலத்தையும் ஆண்ட அலுவலகம் ஒரு காலத்தில் கடலூரில் இருந்தது. தென்னார்க்காடு மாவட்டம் பிரிந்து 1993-ல் விழுப்புரத்துக்கு வந்தது. 2019 நவம்பர் 26-ல் கள்ளக்குறிச்சியே தமிழகத்தின் 34-ஆவது மாவட்டத் தலைநகரம் ஆனது. மனுக் கொடுக்க மலையிலிருந்து வருகிறவருக்கு ஒரு பகல் மிச்சம்.

இந்த ஊர்களின் தச்சு வேலை பற்றி ஒரு வார்த்தை. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் பக்கங்களில் சுவாமி சிலை, தேர்ச் சிற்பம், கதவு நிலை என்று மரத்தில் செதுக்கும் குடும்பங்கள் உண்டு. அந்த வேலைப்பாட்டுக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நான்குவழியில் நூற்றுப்பத்தில் போகிறவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. பழைய சாலையில் போகிறவருக்கு உளிச்சத்தம் காதில் விழும், மரத்தூள் கண்ணில் விழும்.

சாலை எண்ணின் கதைக்கு வருவோம். நீண்ட நாள் இது தேசிய நெடுஞ்சாலை 68. 2010-ல் நாடு முழுக்க எண்களை மாற்றியபோது 79 ஆனது. ஊர்க்காரர் வாயில் இரண்டும் நுழையவில்லை, அவர்களுக்கு எப்போதும் 'சேலம் ரோடு' அல்லது 'மெட்ராஸ் ரோடு'தான், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து. அதன்பின் நான்குவழி ஆக்கினார்கள். தனியார் கட்டி, கட்டணம் வாங்கி, பராமரித்து, பிறகு ஒப்படைக்கும் முறை. இதில் ஒரு விபரீதச் சிக்கனம் செய்தார்கள். ஊர்களுக்கு நடுவே நான்குவழி, ஊர்களைச் சுற்றும் புறவழிச்சாலை மட்டும் பல இடங்களில் இருவழி. நாலு தடத்தில் வேகமெடுத்து வந்த வண்டி திடீரென்று எதிர் வண்டியோடு ஒரே தடத்தில் முகத்துக்கு முகம் பார்க்கும். சடங்காக விபத்துச் செய்தி வந்துகொண்டே இருந்தது. மறியல், மனு, வழக்கு என்று ஆன பிறகே அந்தத் துண்டுகளை அகலப்படுத்தும் வேலை தொடங்கியது. தொலைவுக் கல்லில் இருட்டில் தடவிப் பார்க்கக் குழி போட்டவர்களுக்கு இருந்த கவனம் நமக்கு இல்லாமல் போனது பணம் இல்லாததால் அல்ல.

புறவழிச்சாலை ஊருக்கு நல்லதா கெட்டதா என்று சிற்றூர்க் கடைக்காரரைக் கேட்டால் இரண்டு பதிலும் சொல்வார். பழைய சாலை டீக்கடை ஒன்றில் காது கொடுத்துக் கேட்டது இது.

"முன்னெல்லாம் ராத்திரி ரெண்டு மணிக்கும் பால் காயும் தம்பி. லாரிக்காரன் வந்துகிட்டே இருப்பான். இப்ப பத்து மணிக்கு ஷட்டர்."

"யாவாரம் போச்சுன்னு சொல்றீங்களா அண்ணே?"

"யாவாரம் போச்சு. ஆனா எம் பேரப்புள்ளைங்க ரோட்டைத் தாண்டி இஸ்கூலுக்குப் போவுது. அதுக்கு எவ்வளவு குடுப்ப?"

அதற்கு மேல் விவாதிக்க ஒன்றும் இல்லை. நொந்துபோனவர்கள் பேருந்துப் பயணிகள்தான். "பைபாஸ்தான் போகும், உள்ள போகாது" என்று நடத்துநர் சொல்லும்போது இறங்குபவர் தலையில் கட்டைப்பையும் கையில் குழந்தையுமாக இரண்டு கிலோமீட்டர் நடக்கத் தயாராக வேண்டும்.

தலைவாசலைத் தாண்டும்போது கொஞ்சம் நிற்கலாம். நெடுஞ்சாலையை ஒட்டியே பெரிய காய்கறிச் சந்தை. பொழுது விடியும் முன்பே தக்காளிப் பெட்டியும் கத்திரிக்காய் மூட்டையும் மலைபோல் குவியும். ஆறகழூருக்குத் திரும்பும் வழியும் இங்கேதான். அந்த ஊர் காமநாதீசுவரர் கோயிலில் எட்டு பைரவர்கள். பக்கத்துத் தியாகனூரில் வயல்களுக்கு நடுவே தியானத்தில் அமர்ந்த புத்தர் சிலைகள் இரண்டு. சைவம், பௌத்தம், வாணர்கள், நாயக்கர்கள் என்று இத்தனை பேர் நாலைந்து கிலோமீட்டருக்குள் தங்கிவிட்டதற்கு அந்த ஊர்களின் தனி மகிமை காரணமல்ல. இடுக்கான வழியில் எல்லாரும் ஒரே இடத்தில்தான் இளைப்பாற வேண்டியிருந்தது. மேற்கே இன்னும் போனால், ஆத்தூர் தாண்டிப் புத்திரகவுண்டன்பாளையத்தில் 146 அடி முருகன் சிலை சாலையைப் பார்த்து நிற்கிறது. 2022-ல் திறந்தது. மலேசியாவின் பத்துமலை முருகனைவிட ஆறடி உயரம். இரண்டையும் செய்த சிற்பி ஒருவரே. தொலைவுக் கல்லாகவும் அது வேலை செய்கிறது. "முருகன் தெரிஞ்சா வாழப்பாடி பக்கம்" என்று லாரிக்காரர்கள் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

இந்தச் சாலையின் வண்டி எது? புல்லட் என்றுதான் வெளியூர்க்காரர் சொல்வார். அதன் கதையும் ஒரு பயணம்தான். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து வண்டி. 1950-களில் எல்லைக் காவலுக்கு இந்திய ராணுவம் 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்ததால், 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. தாய்வீடு மூடிய பிறகும் பிள்ளை ஓடிக்கொண்டிருக்கிறது. விடுமுறை நாளில் உளுந்தூர்பேட்டைச் சந்திப்பில் நின்றால் வரிசையாகப் பார்க்கலாம். பின்னால் பெட்டி, முன்னால் கேமரா, முகம் தெரியாத ஹெல்மெட்.

உள்ளூர்க்காரர் பதில் வேறு. 1980-ல் ஓசூரிலிருந்து வெளிவந்த டிவிஎஸ் 50-ம் அதன் வாரிசான எக்ஸ்எல்லும்தான் இந்த ஊர்களின் சாலை வரலாற்றைத் திருப்பிப் போட்டவை. முன்னால் பால் கேன், பின்னால் புல்லுக்கட்டு, நடுவில் அப்பா, அதற்கும் நடுவில் பிள்ளை. இரண்டு மூட்டை மரவள்ளியைக் கட்டிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் முக்கி முனகி ஏறும் எக்ஸ்எல்லைப் பின்னால் இருந்து பார்த்தவர் தன் வண்டியின் சிசி பற்றிப் பெருமை பேசமாட்டார். ஒரு காலத்தில் தலைச்சுமையாக நடந்த காதங்களை இந்தச் சின்ன வண்டி அரைமணி நேரமாகச் சுருக்கிவிட்டது.

அந்த வளைவுகளுக்குப் போக, நான்குமுனையில் கச்சிராயபாளையம் ரோட்டைப் பிடிக்க வேண்டும். கரும்புக்காடுகளுக்கு நடுவே கூட்டுறவுச் சர்க்கரை ஆலை வரும். பிறகு கோமுகி அணை. 46 அடி நீர் தேங்கும் சிறிய அணைதான், ஆனால் மலைக்கும் சமவெளிக்கும் நடுவே எல்லைக்கோடு போட்ட மாதிரி நிற்கிறது. அதைத் தாண்டினால் காற்று மாறும், கியரும் மாறும். 2,000 அடியிலிருந்து 4,000 அடி வரை உயரமுள்ள மேட்டுநிலம் கல்வராயன் மலை. மரவள்ளி, சாமை, தினை, புளி, கடுக்காய். வெள்ளிமலைதான் நிர்வாகத்துக்குத் தலையூர். வழியில் அருவிகள். மேற்குச் சரிவு சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது, அங்கே கருமந்துறையில் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட அரசு தோட்டக்கலைப் பண்ணை இருக்கிறது.

இங்கே வாழ்பவர்கள் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை. அவர்கள் சொல்லும் மூதாதையர் கதையைக் கேட்டபோது ஆறகழூர்க் கல் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பி மூவர், தங்கள் தெய்வமான கரியராமரைத் தொடர்ந்து வந்து, ஆளுக்கொரு மலையாகப் பிரிந்தார்களாம். கல்வராயனில் ஒருவர், கொல்லிமலையில் ஒருவர், பச்சைமலையில் ஒருவர் என்று ஒரு வடிவம், சேர்வராயனைச் சேர்த்து வேறொரு வடிவம். மலைக்கு மலை அண்ணன் யார் தம்பி யார் என்பது மாறும். காஞ்சி மாறாது. கதையை வரலாறு என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் மலையடிவாரத்தில் காஞ்சி 16 காதம் என்று ஒரு கல்லும், மலைமேல் காஞ்சியிலிருந்து நடந்து வந்தோம் என்று ஒரு கதையும் இருக்கும்போது, இரண்டுக்கும் நடுவே ஒரு சாலை இருந்தது என்பதையாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்தச் சாலை மலை மேல் வரவே பல நூற்றாண்டு ஆனது. கல்வராயன் மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று நாடு பிரித்து ஆண்டவர்கள். நிலமும் வரியும் தீர்ப்பும் அவர்களுடையது. நாடு விடுதலை பெற்று ஒரு தலைமுறை கழிந்த பிறகு, 1976-ல்தான் அந்த ஆட்சி முடிந்து மலை அரசு நிர்வாகத்துக்குள் வந்தது. கீழே சாலை வந்து எத்தனையோ நூற்றாண்டு ஆகியிருந்தது. மேலே கணக்கே அப்போதுதான் தொடங்கியது.

மரவள்ளிக்கிழங்குதான் மலைக்கும் சாலைக்கும் நடந்த முதல் பெரிய வியாபாரம். தென்னமெரிக்கக் கிழங்கு. திருவிதாங்கூரில் 1880-களில் விசாகம் திருநாள் மன்னர் பஞ்சத்துக்கு மாற்று உணவாகப் பரப்பினார். சேலத்தில் அது ஜவ்வரிசி ஆனது 1943-ல், போரினால் மலேயாவிலிருந்து சேகோ வரத்து நின்றுபோனபோது. இன்று ஆத்தூர், தலைவாசல், சின்னசேலம் பக்கம் சாலையோரம் புளித்த மாவு வாடை மூக்கைத் துளைத்தால் சேகோ ஆலை அருகில் என்று பொருள். வெள்ளைத் துணி விரித்தது போல் காயும் மாவுக் களம். 1981-ல் ஆலைக்காரர்கள் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் அமைத்து ஏல விற்பனை கண்டார்கள். கிழங்கு பயிரிடும் மலைக்காரருக்கு அப்படி ஒரு பிடிமானம் இல்லை. மாவுச்சத்து இத்தனை பாயிண்ட் என்று ஆலைக்காரர் சொல்வதே விலை. மலையிலிருந்து ஏற்றிய லாரியைத் திருப்பிக் கொண்டுபோக முடியுமா?

கிழங்கு இறங்கிய வழியில் ஆட்களும் இறங்கினார்கள். கேரளத்துக்கும் குடகுக்கும் தோட்டவேலைக்கு. ஆந்திரக் காட்டுக்குச் செம்மரம் வெட்டவும். கள்ளச்சாராயமும் இதே வழிகளில் இறங்கி வந்த பழைய வரலாறு உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் செத்த பிறகு தொலைக்காட்சி வண்டிகள் நெடுஞ்சாலையை விட்டு ஊருக்குள் வந்தன. அடுத்த மாதம் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலை பற்றிய வழக்கை எடுத்துக்கொண்டது. நீதிபதிகள் கேட்ட கேள்விகளில் சாலையும் பேருந்தும் முன்வரிசையில் இருந்தன. மருத்துவமனைக்குத் தொட்டில் கட்டித் தூக்கிப் போகும் குக்கிராமங்கள் அந்த மலையில் இருந்ததால் அந்தக் கேள்வி எழுந்தது. காட்டுக்குள் சாலை போட வனத்துறை அனுமதி வேண்டும் என்பது உண்மை. மரம் வெட்டிய வண்டிகள் அந்தக் காட்டுக்குள் ஒரு காலத்தில் எப்படிப் போயின என்று மலைக்காரர் திருப்பிக் கேட்பதும் உண்மை.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். நெடுஞ்சாலையில் இன்னும் இரண்டு தடம் சேர்க்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை வெள்ளிமலைக்கு மேலே உள்ள குக்கிராமங்களுக்கு எந்த மழையிலும் ஒரு சிற்றுந்து போகும்படி செலவழித்தால், மகதேசன் தொடங்கிய வேலை ஓரளவு முடிந்ததாகக் கொள்ளலாம்.

போக நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். கள்ளக்குறிச்சியிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழையில் மண்சரியும், அப்போது மலையேற வேண்டாம். அடிவாரத்துக்கு இருட்டும் முன் இறங்கிவிடுங்கள். அருவியில் பாட்டிலை வீசாதீர்கள், மலையாளிப் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். இறங்கும் வழியில் சாமையோ தேனோ விற்கிற பாட்டியிடம் பேரம் பேசாமல் வாங்குங்கள். இருசக்கர வண்டிக்குச் சுங்கம் கிடையாது, அந்த மிச்சக் காசு அவருக்கு.